தானாகத் திறந்த கதவு: சில்வர் இங்க் கோடுகளுக்கு நடுவே நடந்தது

குளிர்பதனக் கிடங்கின் கதவு யாரும் தொடாமலே திறந்துகொள்கிறது. வந்த முதல் புகார் இவ்வளவுதான். கதவை இயக்கும் பொத்தான் பலகை நாங்கள் அச்சிட்டுக் கொடுத்தது. அதில் மூன்றே பொத்தான்கள்: திற, மூடு, நிறுத்து. அதனுடன் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு. ஒரு பலகையில் என்றால் ஏதோ தற்செயல் என்று விட்டிருப்போம். அதே புகார் வேறு கிடங்குகளிலிருந்தும் வரத் தொடங்கியபோது அதை ஒரு வழக்காக எடுத்து அடிவரை போய்ப் பார்க்க முடிவு செய்தோம். மின்கடத்தும் இங்க்கை வைத்து வேலை செய்கிற எவருக்கும் இது நாளை நடக்கலாம் என்பதால் முழுக்கதையையும் எழுதுகிறேன்.

இந்த மாதிரிப் பலகையை மெம்ப்ரேன் ஸ்விட்ச் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் படம் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் தாள்தான். உள்ளே இரண்டு பாலியெஸ்டர் ஃபிலிம்கள் இருக்கும். அவற்றின் மேல் சில்வர் இங்க்கில் கோடுகளை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டிருப்போம். நடுவில் துளை வெட்டிய ஓர் இடைத்தாள். விரல் அழுத்தினால் மேல் ஃபிலிமில் உள்ள வெள்ளித் திட்டு துளை வழியாக இறங்கிக் கீழ்த் திட்டைத் தொடும். இந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு நாடா போல வெளியே நீளும். அதை டெயில் என்போம். டெயிலின் நுனியை எலக்ட்ரானிக் போர்டில் உள்ள கனெக்டரில் செருகினால் வேலை முடிந்தது. செம்பு இல்லை, சால்டர் இல்லை, அமிலத்தில் கரைப்பதும் இல்லை. அச்சு மட்டும்தான்.

திரும்பி வந்த பலகைகளை மேசையில் வைத்துச் சோதித்தோம். எல்லாமே நன்றாக வேலை செய்தன. ஆயிரம் முறை அழுத்தியும் ஒரு தப்பு இல்லை. 'பழுது காணப்படவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். அதே இடத்தில் மாட்டிய சில வாரங்களில் கதவு மறுபடி தானாகத் திறந்தது. அந்த வரியை எழுதியது எங்கள் முதல் பிழை. சோதனை தப்பில்லை. அழிந்துபோன சாட்சியைத்தான் சோதித்துக்கொண்டிருந்தோம். அது எப்படி என்பது பின்னால் வரும்.

கோட்டைச் சந்தேகித்த நாட்கள்

மின்கடத்தும் இங்க் என்றதும் யாருடைய கண்ணும் முதலில் கோட்டின் மேல்தான் போகும். மின்சாரம் சரியாகப் போகிறதா, தடை எவ்வளவு, இங்க் நன்றாக வெந்ததா? நாங்களும் அங்கேதான் தொடங்கினோம்.

சில்வர் இங்க் என்பது உருகிய வெள்ளி இல்லை. சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள வெள்ளிச் செதில்கள், அவற்றைப் பிடித்துவைக்க ஒரு பாலிமர் பசை, இரண்டையும் ஓட வைக்க மெதுவாக ஆவியாகும் ஒரு கரைப்பான், இவ்வளவுதான். அச்சிட்டதும் செதில்கள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும். ஓவனில் 120, 130 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்தால் கரைப்பான் போய்விடும். பசை சுருங்கிச் செதில்களை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து அழுத்தும். அப்போதுதான் ஒரு செதிலிலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் தாவ வழி கிடைக்கிறது. வேகாத இங்க் பார்ப்பதற்கு உலர்ந்தது போலவே இருக்கும். தடை மட்டும் பல மடங்கு காட்டும். அதனால்தான் முதல் சந்தேகம் ஓவன் மேல் விழுந்தது.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. இங்க் தயாரிப்பாளர்கள் தடையை 'சதுரத்துக்கு இத்தனை மில்லி ஓம்' என்று தருவார்கள். கோட்டை அதன் அகலத்துக்குச் சமமான சதுரங்களாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளம் என்றால் 150 சதுரம். 25 மைக்ரான் தடிப்புக்கு 15 மில்லி ஓம் என்று சொல்லப்பட்ட இங்க், உலர்ந்தபின் 10 மைக்ரான் தடிப்பில் நின்றால் சதுரத்துக்கு 37.5 மில்லி ஓம் ஆகிறது. 150 சதுரத்துக்கு ஏறக்குறைய 5.6 ஓம். எங்கள் பலகைகளில் மல்ட்டிமீட்டர் காட்டியது 6 ஓமுக்குப் பக்கத்தில். இங்க் நன்றாகவே வெந்திருக்கிறது. இதே இங்க்கின் தடை தனி வெள்ளியைப் போல இருபது மடங்குக்கும் மேல். அது குறையில்லை, செதில்களுக்கு நடுவே பசை இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். பொத்தான் பலகைக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து டெயிலை மடித்து மடித்துப் பார்த்தோம். கோட்டில் விரிசல் விழவில்லை. போர்டு செய்து கொடுத்தவர்கள் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தார்கள்: பொத்தான் அழுந்தியதாக நம்புவதற்குமுன் காத்திருக்கும் நேரத்தை 20 மில்லி விநாடியிலிருந்து 200 ஆக்கினார்கள். கதவு திறப்பது நிற்கவில்லை. அந்தத் தோல்வி எங்களுக்குப் பெரிய உதவி. கண்சிமிட்டும் நேரத்தில் வந்துபோகும் இரைச்சல் என்றால் 200 மில்லி விநாடியில் வடிந்திருக்கும். இது நின்று நிலைக்கிற ஒன்று. யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பது போல.

கழற்றாமல் பார்த்தது

திருப்பம் ஒரு தொலைபேசிப் பேச்சில் வந்தது. களத்தில் பழுதுபார்க்கும் ஒருவர் சொன்னார்: "சார், டெயிலைக் கழற்றி மறுபடி சொருகினாலே சரியாயிடுது." அவருக்கு அது தீர்வு. எனக்கு அது தடயம். கழற்றினால் சரியாகிறது என்றால், தப்பு இருக்கும் இடமே கனெக்டரின் வாய்தான். உள்ளே இருக்கும் உலோக நாக்குகள் டெயில் வெளியே வரும்போது அதைச் சுரண்டிக்கொண்டு வரும். அங்கே எது இருந்ததோ அது அந்தச் சுரண்டலில் போய்விடுகிறது. நாங்கள் சோதித்த ஒவ்வொரு பலகையும் அப்படிக் கழற்றி, பெட்டியில் போட்டு, உலர்ந்து வந்தது.

அடுத்த முறை டெயிலைக் கழற்றாமல், போர்டோடு சேர்த்து அனுப்பச் சொன்னோம். வந்ததும் கனெக்டரின் பிளாஸ்டிக் உடலைச் சிறு சிறு துண்டாக வெட்டி எடுத்தோம். டெயிலைத் தொடவே இல்லை. நுண்ணோக்கியில் 40 மடங்கு பெருக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் பார்த்தேன். பூமிக் கோடு என்று நாங்கள் சொல்லும், பூஜ்ய வோல்ட்டில் நிற்கும் பொதுக்கோடு ஒன்று உண்டு; எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதன் கோடு இதைத்தான் தொடும். அந்தப் பொதுக்கோட்டின் விளிம்பிலிருந்து, 'திற' பொத்தானின் கோட்டை நோக்கி, வெள்ளியில் செய்த பெரணி இலை ஒன்று வளர்ந்திருந்தது. நடுவே ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னும் நுண்ணிய கிளை. அதன் நுனி எதிர்க் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. எதிர்க் கோட்டின் விளிம்பு பழுப்பாகக் கறுத்து, அரித்தாற்போல இருந்தது. இத்தனை நாள் தேடியதை அந்த 0.35 மி.மீ. இடைவெளிக்குள் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதியை இப்போதும் மறக்கவில்லை.

இதற்குச் சில்வர் மைக்ரேஷன் என்று பெயர். வெள்ளியின் இடப்பெயர்ச்சி. புதிய விஷயம் இல்லை. தொலைபேசி நிலையங்களில் வெள்ளி பூசிய முனைகளுக்கு நடுவே, காப்புப் பொருளின் ஊடே, வெள்ளி இப்படி ஊர்ந்து போவதை பெல் ஆய்வகத்தார் 1955இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

நடப்பது இதுதான். இரண்டு வெள்ளிக் கோடுகளுக்கு நடுவே ஈரம் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. ஒரு கோட்டில் 5 வோல்ட், இன்னொன்றில் பூஜ்யம். நேர்மின் கோட்டில் உள்ள வெள்ளி எலக்ட்ரானை இழந்து அயனியாகி நீரில் கரைகிறது. அதில் ஒரு பகுதி ஹைட்ராக்சைடாகி, அப்புறம் ஆக்சைடாக மாறி அங்கேயே பழுப்புக் கறையாகப் படிகிறது. மீதி அயனிகள் மின்புலத்தின் இழுப்பில் எதிர்மின் கோட்டை நோக்கிப் போகின்றன. அங்கே எலக்ட்ரான் கிடைத்ததும் மறுபடி வெள்ளியாகிப் படிகின்றன. எங்கே சிறிது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே மின்புலம் கூடுதல், அதனால் அடுத்த அயனியும் அந்த நுனியையே தேடிப் போகும். இலை வளர்வது அதனால்தான். வெள்ளி கரைவது ஒரு கோட்டில், இலை முளைப்பது எதிர்க் கோட்டில். கறை ஒரு பக்கம், இலை மறுபக்கம் என்று பார்த்த உடனே எந்தக் கோட்டில் நேர்மின்னழுத்தம் இருந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் பலகையில் அது அப்படியே பொருந்தியது.

பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று இங்கே உண்டு. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, ஆகவே பனி படிந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறோம். வெள்ளிக்கு அந்தக் கணக்கு செல்லாது. படிந்த பனி என்பது காய்ச்சி வடித்த நீர்தான், வெள்ளி இலை வளர அதுவே போதும். நம்ப முடியாதவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். டெயிலின் ஒரு துண்டை வெட்டி, பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு 5 வோல்ட் கொடுங்கள். நடுவில் ஒரு துளி காய்ச்சி வடித்த நீரை விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். எங்கள் டெயிலில் ஒரு நிமிடத்துக்குள் இலை எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டது. கண்ணெதிரே அது வளர்வதைப் பார்த்தவர் அதற்கப்புறம் ஒரு வரைபடத்தையும் பழைய கண்ணால் பார்க்க மாட்டார்.

முன்பு வராதது ஏன் இப்போது வந்தது

இதே பலகையின் பழைய வடிவம் ஆண்டுக்கணக்கில் புகாரின்றி ஓடியது. ஆகவே வெள்ளியை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன.

பழைய டெயிலில் கோடுகள், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை அளந்தால், 2.54 மி.மீ. கணக்கில் இருந்தன. வெள்ளிக்கும் வெள்ளிக்கும் நடுவே வெற்றிடம் 1 மி.மீ.க்குச் சற்று மேல். புதியதில் சிறிய கனெக்டருக்காக 1 மி.மீ. கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். வெற்றிடம் 0.35 ஆகிவிட்டது. அதே 5 வோல்ட், மூன்று மடங்கு மின்புலம்.

பழைய டெயிலின் நுனியில் வெள்ளிக்கு மேல் கார்பன் இங்க் அச்சிட்டிருப்போம். கார்பன், வெள்ளியைவிடப் பல நூறு மடங்கு தடை உள்ளது, ஆனால் அது அயனியாகிக் கரையாது. வெள்ளியின் விளிம்பைத் தாண்டி இருபுறமும் அது மூடியிருந்தால் ஈரம் வெள்ளியைத் தொடுவதே கடினம். புதிய குறுகிய டெயிலில் அந்தக் கார்பனை எடுத்துவிட்டார்கள். இதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பாலியெஸ்டர் ஃபிலிம் ஓவனில் சுருங்கும். 300 மி.மீ. தாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே 0.3 மி.மீ. நகர்ந்துவிடும். முதல் அச்சில் வெள்ளி, ஓவன், அப்புறம் இரண்டாவது அச்சில் கார்பன் என்றால், கார்பன் வெள்ளியின் மேல் உட்காராமல் பக்கத்துக் கோட்டின்மேல் ஏறிவிடும். அந்தப் பயத்தில்தான் எடுத்தார்கள். பயம் சரி, எடுத்த முடிவு தப்பு.

மூன்றாவது மாற்றம் போர்டில். மின்சாரம் மிச்சப்படுத்த, பொத்தான் கோட்டை 5 வோல்ட்டில் தாங்கிப் பிடிக்கும் தடையை 10 கிலோ ஓமிலிருந்து 100 கிலோ ஓமுக்கு ஏற்றியிருந்தார்கள். ஈரமும் இலையும் சேர்ந்து 25 கிலோ ஓம் அளவுக்கு ஒரு கசிவு உண்டானதாக வைத்துக்கொள்வோம். பழைய தடை என்றால் கோடு 3.6 வோல்ட்டில் நிற்கும், போர்டு அதைப் 'பொத்தான் அழுந்தவில்லை' என்றே படிக்கும். புதிய தடை என்றால் 1 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். போர்டைப் பொறுத்தவரை யாரோ 'திற' பொத்தானை அழுத்தியாயிற்று. இன்னொன்றும் உண்டு: மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால் மெல்லிய இலை எரிந்து அறுந்துபோவதும் இல்லை. பாதுகாப்பாக உட்கார்ந்து வளர்கிறது.

ஈரம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்தோம். போர்டுப் பெட்டி குளிர்ச் சுவரில் ஒட்டி நின்றது. கதவு திறக்கும்போதெல்லாம் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று கேபிள் துளை வழியாகப் பெட்டிக்குள் புகுந்து பனியாகப் படிகிறது. டெயில் மேலிருந்து நேராகக் கீழே இறங்கிக் கனெக்டருக்குள் போவதால், அதன்மேல் படிந்த நீர் வழிந்துவந்து கனெக்டர் வாயில் தேங்கியது. இலை வளர இதைவிட நல்ல பாத்தி அமையாது.

என்ன மாற்றினோம்

ஏற்கெனவே மாட்டிய பலகைகளுக்கு முதலில் செய்ய முடிந்தவை இரண்டு. டெயில் கனெக்டருக்குள் போகுமுன் கீழே ஒரு வளைவு கொடுத்து நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்படி செய்தோம். மென்பொருளில் பொத்தான் கோடுகளுக்கு எப்போதும் 5 வோல்ட் கொடுப்பதை நிறுத்தி, ஒவ்வொரு 50 மில்லி விநாடிக்கும் 2 மில்லி விநாடி மட்டும் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்தான் இப்போது மின்புலம் இருக்கிறது. விரலுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

புதிய அச்சில் பழைய 2.54 கணக்குக்கே திரும்பினோம், கார்பனும் திரும்ப வந்தது. முதல் அச்சுக்கு முன்பே வெறும் ஃபிலிமை ஓவனில் சுட்டுச் சுருங்க வைத்துவிடுகிறோம், அதனால் இரண்டாவது அச்சு இடம் தவறுவதில்லை. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் செலவே இல்லாதது. கோடுகளின் வரிசையை மாற்றினோம். பொத்தான் கோடுகள் மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பவை, அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். பொதுக்கோட்டை ஓரத்துக்குத் தள்ளி, நடுவே ஒரு கனெக்டர் இடத்தைக் காலியாக விட்டோம். ஒரே மின்னழுத்தத்தில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே எவ்வளவு ஈரம் நின்றாலும் வெள்ளி நகரக் காரணமே இல்லை.

அந்த மாற்றத்தைச் செய்தபிறகு, இங்க் அச்சாகும் மற்ற இடங்களையும் இதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். காரின் பின்கண்ணாடியில் உள்ள சூடேற்றும் கோடுகள் வெள்ளியில் அச்சிட்டவைதான். பனி படிவதற்கென்றே உள்ள இடம் அது. ஆனாலும் அங்கே இலை வளர்ந்து கேட்டதில்லை. அந்த வெள்ளி கண்ணாடித் தூளோடு சேர்த்து உயர் வெப்பத்தில் சுடப்பட்டது, கோடுகள் தள்ளித் தள்ளி ஓடுகின்றன, பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் இரண்டும் நேருக்கு நேர் உள்ள இடங்களில் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. தொடாமலே ரேடியோ அலையில் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டையில் அச்சிட்ட ஆன்டெனாவில் ஓடுவது மாறுமின்னோட்டம். அயனி ஓரடி எடுத்து வைப்பதற்குள் திசை மாறிவிடுகிறது. சர்க்கரை அளக்கும் பட்டையில் இரத்தமே இங்க்கின் மேல் படுகிறது, ஆனால் அது சில விநாடி வேலை செய்து குப்பைக்குப் போகிற பொருள். அங்கே வேலைசெய்யும் மின்முனை பெரும்பாலும் கார்பன் அல்லது தங்கம் போன்ற கரையாத உலோகம். சூரிய மின்தகட்டின் மேல் உள்ள மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஏறத்தாழ 800 டிகிரியில் சுடப்பட்டு, கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் படலத்துக்கும் அடியில் மூடிக் கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் பீங்கான் தகட்டில் சில்வர் இங்க் அச்சிட்டு மோர்ட்டார் குண்டுகளை வெடிக்க வைக்கும் ஃபியூஸுக்கு மின்சுற்று தயாரித்தார்கள். ஏவியபின் அதன் ஆயுள் விநாடிக் கணக்கு. ஆண்டுக்கணக்கில், திசை மாறாத மின்னோட்டத்தில், பசையில் கட்டிய வெள்ளியோடு, மூடாமல் ஈரத்தில் நிற்பது எங்கள் டெயில் மாதிரிப் பொருள்கள்தான். உடலில் ஒட்டும் சென்சார், துணியில் அச்சிட்ட சூடேற்றி எல்லாம் இந்த வரிசையில்தான் சேர்கின்றன. வியர்வை படும் இடம் வேறு.

செம்பு இங்க் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். செம்பும் இடம்பெயரும், வெள்ளியைவிட மெதுவாக. ஆனால் செம்புத் துகள் காற்றில் ஆக்சைடு பிடித்தால் அந்த ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, ஓவனில் வைக்கும்போதே கோடு செத்துவிடும். அதைத் தடுக்கக் காற்றில்லாத சூழலோ, ஒரு நொடிக்கும் குறைவாகப் பாயும் ஃப்ளாஷ் விளக்குச் சூடோ வேண்டும். வெள்ளியை எல்லோரும் பிடித்துக்கொண்டிருப்பது அது காற்றிலேயே சுடுவதற்குப் பொறுத்துப் போவதால்தான்.

மெம்ப்ரேன் பலகைகளில் வெள்ளி இடம்பெயர்வதைச் சோதிக்கவென்றே ஏ.எஸ்.டி.எம். என்னும் தர அமைப்பு எஃப் 1996 என்ற முறையை வெளியிட்டிருக்கிறது. இத்தனை நாள் எங்கள் சோதனைப் படிவத்தில் கோட்டின் தடைக்கு ஒரு கட்டம் இருந்தது, இடைவெளிக்கு ஒன்றும் இல்லை. இப்போது ஒவ்வொரு வரைபடத்திலும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் உள்ள எந்த இரண்டு கோடுகள் மிக நெருங்கி நிற்கின்றன என்று தேடி, அந்த இடைவெளியைப் படிவத்தில் எழுதுகிறோம். ஈரமான சூட்டு அறையில் 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில், மின்னழுத்தம் கொடுத்தபடியே வைத்துப் பார்க்கிறோம். களத்தில் உள்ளவர்களிடம், டெயிலைத் தொடுமுன் கனெக்டரைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

இதே கதவுப் பலகைக்கு அந்தத் தேடலை முதன்முதலாகச் செய்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தோம். மிகக் குறுகிய இடைவெளி டெயிலில் இல்லவே இல்லை. எல்.இ.டி. விளக்குக்குப் போகும் 5 வோல்ட் கோடு ஓரிடத்தில் பொதுக்கோட்டைக் குறுக்காகத் தாண்டுகிறது. அங்கே கீழே வெள்ளி, அதன்மேல் டைஎலக்ட்ரிக் என்னும் காப்பு இங்க், அதற்கும் மேல் மறுபடி வெள்ளி. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் அந்த இடைவெளி தெரியவே தெரியாது. அதன் உயரம் 25 மைக்ரான், டெயிலில் எங்களைப் படுத்திய 0.35 மி.மீ.யில் பதினான்கில் ஒரு பங்கு. காப்பு இங்க்கை ஒரே தடவை அச்சிட்டிருந்தோம். அச்சின்போது வெடித்த ஒரு காற்றுக்குமிழி ஊசித்துளை விட்டிருந்தால் போதும், ஈரம் அதில் இறங்கி நிற்கும். அங்கிருந்து இதுவரை புகார் வரவில்லை. அப்படியும் இப்போது காப்பு இங்க்கை இரண்டு தடவை, முதல் அச்சு முழுதும் உலர்ந்த பிறகு, அச்சிடுகிறோம். ஒன்றின் துளைக்கு நேர் மேலே இன்னொன்றின் துளை வந்து விழ வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாவது அச்சுக்கு வேறு நிறம் கலந்திருக்கிறோம், இரண்டும் ஏறியிருப்பது கண்ணாலேயே தெரிய வேண்டும் என்பதற்காக.